தன் முகத்தைத் தானே தீட்டட்டும் நம் பிள்ளை!

யாருடைய முகத்தை ஓவியன் தீட்டினான்? எண்ணிப் பாருங்கள். அரண்மனைச் சுவரிலே மன்னன் முகம் தொங்குகிறது. பக்கத்திலே மகாராணி. அதற்கடுத்து இளவரசன். திருவிதாங்கூர், மைசூர், பரோடா அரச குடும்பத்தாரின் முகங்களை ரவிவர்மாவின் தூரிகை நமக்கு இன்றும் காட்டுகிறது. அந்த அரண்மனைகளுக்கு மண் சுமந்தவள் முகம் எங்கே? கல் செதுக்கியவன் முகம் எங்கே? பணம் படைத்தவனுக்குப் படம். பாடுபட்டவனுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை! பல நூற்றாண்டுகளாக நடந்து வந்த வழக்கம் இது.

அந்த வழக்கத்துக்கு நடுவிலே ஒரு செய்தி உண்டு. 1484-ம் ஆண்டு, ஜெர்மனியில் நியூரம்பர்க் என்னும் ஊர். பட்டறையிலே பொன் தட்டும் ஒரு பொற்கொல்லரின் மகன், 13 வயதுப் பையன், கண்ணாடி முன்னே உட்கார்ந்தான். வெள்ளி முனை பதித்த கோலால் தன் முகத்தைத் தானே வரைந்தான். பையன் பெயர் ஆல்பிரெக்ட் டியூரர். பின்னாளில் ஐரோப்பா முழுவதும் புகழ் பரவிய ஓவியர். புகழ் வந்த பிறகும் அந்தச் சிறு படத்தை அவர் எறிந்துவிடவில்லை. கண்ணாடியைப் பார்த்துத் தம்மைத் தாமே சிறு வயதில் வரைந்தது என்று அதன் மேலேயே தம் கையால் குறித்து வைத்தார். வியன்னா நகரத்து அல்பெர்டினா காட்சிசாலையிலே அந்தப் படம் இன்றும் இருக்கிறது.

மன்னன் ஆணையிட்டு வரைந்த படமல்ல அது. கூலிக்கு வரைந்ததுமல்ல. “நான் இருக்கிறேன், இது என் முகம்” என்று ஒரு பட்டறைக்காரர் மகன் உலகத்துக்குச் சொன்ன படம்.

அந்த உரிமை நம் வீட்டு மூன்று வயது, நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளைக்கும் உண்டு என்பதுதான் இன்றைய பேச்சு. “கொள்கை பேசும் பத்தியிலே குழந்தை விளையாட்டா?” என்று சிரிக்க வேண்டாம், தோழர்களே. விளையாட்டுப் போலத் தோன்றும் இந்தக் காரியத்திலே நம் மானம் அடங்கியிருக்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

எந்தக் குச்சியை எடுக்கிறது?

வீட்டிலே ஒரு சோதனை செய்து பாருங்கள். குழந்தையிடம் ஒரு தாளும் ஒரு பெட்டி வண்ணக்குச்சியும் கொடுங்கள். “உன்னையே நீ வரைந்து காட்டு” என்று சொல்லுங்கள். வட்டம் போடும். கண் இரண்டு வைக்கும். வாய்க்கு ஒரு கோடு. வண்ணம் தீட்டும் நேரம் வந்ததும் அந்தச் சின்னக் கையைக் கவனியுங்கள். பெட்டியிலே பழுப்பு இருக்கிறது, கறுப்பும் இருக்கிறது. ஆனாலும் பல பிள்ளைகளின் கை அவற்றைத் தாண்டிப் போய் வெளிறிய இளஞ்சிவப்புக் குச்சியைத்தான் தேடும். அதற்குப் பிள்ளைகள் வைத்திருக்கும் பெயர் என்ன தெரியுமா? “ஸ்கின் கலர்”!

தோலின் நிறமாம்! யாருடைய தோலின் நிறம்? வெயிலிலே நாற்று நடும் அம்மாவின் தோலா? கொதிகலன் முன்னே நிற்கும் அப்பாவின் தோலா? கட்டுமரத்தில் கடலுக்குப் போய்வரும் மாமனின் தோலா? நம் தெருவிலே அந்த நிறத்தில் ஒருவரைக் காட்டுங்கள் பார்க்கலாம்! ஊரிலே இல்லாத நிறத்துக்குத் தோல் நிறம் என்று பெயர். ஊரே உடுத்தியிருக்கும் நிறத்துக்குப் பழுப்பு என்று பெயர், கறுப்பு என்று பெயர்.

பிள்ளைக்கு இதை யார் கற்றுக் கொடுத்தார்கள்? யாரும் உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. விளம்பரம் கற்றுக் கொடுத்தது. சினிமாச் சுவரொட்டி கற்றுக் கொடுத்தது. கல்யாணப் பேச்சு கற்றுக் கொடுத்தது. ஏன், நாமே கற்றுக் கொடுத்தோம். “பொண்ணு லட்சணந்தான், கலர்தான் கொஞ்சம் கம்மி” என்று பாட்டி சொல்லும்போது மூலையிலே உட்கார்ந்திருக்கும் பேத்தியின் காது திறந்துதானே இருக்கிறது? காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று பழமொழி சொல்கிறோம். அந்தப் பழமொழியிலேகூட காக்கைக் குஞ்சு பொன்னாக மாற வேண்டியிருக்கிறது! கறுங்குஞ்சாகவே இருந்தால் என்ன குறைந்துவிட்டது?

இலை பச்சை, ஆப்பிள் சிவப்பு, நான்?

இந்த நோய் நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. அமெரிக்க நாட்டிலே இதை அளந்து காட்டியவர்கள் உண்டு. மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்று மனைவியும் கணவரும். இருவரும் கறுப்பின மக்கள். இருவரும் உளநூல் கற்றவர்கள். கறுப்புப் பிள்ளைக்கு ஒரு பள்ளி, வெள்ளைப் பிள்ளைக்கு வேறு பள்ளி என்று பல மாநிலங்களில் சட்டமே போட்டு வைத்திருந்த காலம் அது.

அவர்கள் பொம்மைகளை வைத்துச் செய்த சோதனை உலகம் அறிந்தது. தோலும் தலைமுடியும் தவிர மற்றெல்லாம் ஒன்றாக உள்ள பொம்மைகளை முன்னே வைத்தார்கள். மூன்று வயது முதல் ஏழு வயது வரை உள்ள கறுப்பினக் குழந்தைகள் 253 பேரிடம் கேள்வி கேட்டார்கள். எதோடு விளையாட ஆசை? எது நல்ல பொம்மை? எது பார்க்க மோசமாக இருக்கிறது? மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையைக் கேட்டார்கள். பார்க்க மோசமானது எது என்றதற்குப் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியாக ஒரு கேள்வி: “உன்னைப் போல இருப்பது எது?” அப்போது சில பிள்ளைகள் அழுதுகொண்டே அறையை விட்டு ஓடினார்கள். இந்த முடிவுகள் 1947-ம் ஆண்டு அச்சில் வந்தன.

பொம்மைச் சோதனை அளவுக்குப் புகழ் பெறாத இன்னொரு சோதனையும் அவர்கள் செய்தார்கள். நம் பேச்சுக்கு அதுதான் நெருக்கம். ஒரு தாள். அதிலே கோட்டுருவமாக ஓர் இலை, ஓர் ஆப்பிள், ஓர் ஆரஞ்சு, ஓர் எலி, ஒரு சிறுவன், ஒரு சிறுமி. ஒரு பெட்டி வண்ணக்குச்சி. முதலில் இலைக்கும் பழத்துக்கும் வண்ணம் தீட்டச் சொன்னார்கள். பிள்ளைக்கு நிறம் தெரிகிறதா என்று அறிவதற்காக. இலைக்குப் பச்சை, ஆப்பிளுக்குச் சிவப்பு என்று சரியாகத் தீட்டிய பிள்ளையிடம், “இந்தப் பையன் நீதான், உன் நிறத்தைத் தீட்டு” என்றார்கள்.

என்ன நடந்தது? பெரும்பாலான பிள்ளைகள் உள்ளபடியே தீட்டினார்கள். ஆனால் மாநிறமும் கருநிறமும் கொண்ட பிள்ளைகளிலே ஒரு பகுதியினர் தங்களுக்கு வெள்ளை தீட்டிக்கொண்டார்கள்; மஞ்சள் தீட்டிக்கொண்டார்கள்; சிலர் சிவப்பும் பச்சையும்கூடத் தீட்டினார்கள்! “உனக்குப் பிடித்த நிறம் எதுவோ அதைத் தீட்டு” என்றபோது தன் நிறத்தை விட்டு ஓடிய கைகள் இன்னும் அதிகமாயின. இலையின் நிறம் தெரிந்த பிள்ளைக்குத் தன் நிறம் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் மறைத்தது! ஐந்து வயதிலே, ஆறு வயதிலே, தன் முகத்தைத் தானே மறைத்துக்கொள்ளக் கற்றுவிட்டது.

1954-ம் ஆண்டு மே 17-ம் நாள், நிறத்தைச் சொல்லிப் பள்ளியைப் பிரிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்பின் 11-ம் அடிக்குறிப்பிலே முதலில் நிற்கும் பெயர் கிளார்க்குடையது. எவ்வளவு பெரிய சட்டப் போர்! அதிலே சாட்சி சொன்னவை எவை? ஒரு பொம்மையும், குழந்தைகளின் வாய்ச்சொல்லும்! இதற்குப் பிறகும் இது வெறும் விளையாட்டு என்பீர்களா?

பெட்டியின் மேலே அச்சிட்ட பெயர்

வண்ணக்குச்சி விற்ற கம்பெனிக்கும் இந்தக் கதையிலே பங்கு உண்டு. “கிரேயோலா” என்பது உலகெங்கும் விற்கும் குச்சி. அதன் பெட்டியிலே ஒரு வெளிறிய குச்சிக்கு “சதை நிறம்” என்று பொருள்படும் பெயரையே அச்சிட்டிருந்தார்கள். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் ஓங்கி நின்ற நேரத்தில், 1962-ம் ஆண்டு, அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் “பீச்” என்னும் பழத்தின் பெயரை வைத்தார்கள். மனிதத் தோலின் நிறங்கள் என்று 24 குச்சிகள் கொண்ட தனிப் பெட்டியை அதே கம்பெனி வெளியிட்டது எப்போது? 2020-ம் ஆண்டு! பெயரை மாற்றியதற்கும் பெட்டியை நிரப்பியதற்கும் இடையே 58 ஆண்டுகள்!

நம் நாட்டுக் கதை என்ன? 1975-ம் ஆண்டு முதல் “ஃபேர் அண்ட் லவ்லி” என்று ஒரு பசை விற்றது. சிவப்பழகு, சிவப்பழகு என்று விளம்பரம் வீடு வீடாகக் கூவியது. அதன் பெயரையும் 2020-ம் ஆண்டுதான் மாற்றினார்கள். டப்பாவின் மேலே பெயர் மாறிவிட்டது, சரி. நம் மண்டைக்குள்ளே மாறிவிட்டதா? கம்பெனிக்காரன் அச்சை மாற்றும் வரை காத்திருந்தால் மூன்று தலைமுறை முதுகு வளைந்துதான் நிற்கும். மாற்ற வேண்டிய இடம் பிள்ளையின் கை. மாற்ற வேண்டிய வயது மூன்றும் நான்கும் ஐந்தும்.

டாங்கியை விற்றுப் பள்ளி கட்டியவர்கள்

நோயைச் சொல்லி நிறுத்துவது நம் வழக்கமல்ல. மருந்தும் சொல்ல வேண்டும். அதை எங்கோ தேட வேண்டாம். உழைக்கும் மக்களே அதைக் கண்டிருக்கிறார்கள்.

இத்தாலியின் வடக்கே ரெஜ்ஜோ எமிலியா என்று ஒரு நகரம். முசோலினியின் பாசிஸ்டு ஆட்சியையும் நாஜிப் படையையும் எதிர்த்துப் போராடிய பூமி. 1945-ம் ஆண்டு ஏப்ரலில் விடுதலை வந்தது. நகரத்துக்கு அருகே வில்லா செல்லா என்னும் சிற்றூர். ஓடிப்போன ஜெர்மானியப் படை ஒரு டாங்கியையும், சில லாரிகளையும், சில குதிரைகளையும் அங்கே விட்டுப் போயிருந்தது. அவற்றை விற்ற பணம் ஊர் மக்கள் கையிலே வந்தது. என்ன செய்வது? பலருக்குப் பல யோசனை. பெண்கள் முன்னே நின்றார்கள். முடிவு பிறந்தது: பிள்ளைகளுக்குப் பள்ளி!

ஒரு விவசாயி நிலம் கொடுத்தார். குண்டு விழுந்து இடிந்த வீடுகளிலிருந்து செங்கல் சுமந்தார்கள். ஆற்றிலிருந்து மணல் எடுத்தார்கள். பகலெல்லாம் வேலை, இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளிக்கூடச் சுவர். கூலி இல்லை, மேஸ்திரி இல்லை. கொலைக் கருவியை விற்றுக் குழந்தைப் பள்ளி எழுப்பினார்கள், தோழர்களே! இப்படி ஒரு செய்தியைக் கேள்விப்பட்டு, நம்ப முடியாமல், மிதிவண்டி ஏறி நேரில் பார்க்க வந்தார் 25 வயது ஆசிரியர் ஒருவர். லோரிஸ் மலகுட்சி என்பது அவர் பெயர். பார்க்க வந்தவர் அதோடு நிற்கவில்லை. 1994-ம் ஆண்டு கண் மூடும் வரை அந்த வேலையிலேயே நின்றுவிட்டார்.

மக்கள் தாமே எழுப்பிய பள்ளிகளைப் பார்த்து நகரசபையும் இறங்கி வந்தது. 1963-ம் ஆண்டு நகரசபையின் முதல் பாலர் பள்ளி திறந்தது. அப்போது நகரத் தலைவராக இருந்தவர் கம்யூனிஸ்டான ரென்சோ பொனாட்சி. சொன்னதை எல்லாம் கேட்டுத் தலையாட்டும் மனிதர்கள்தான் பாசிசத்துக்கு ஏணி பிடித்தார்கள். ஆகவே தானே எண்ணிப் பார்க்கும் பிள்ளை வேண்டும் என்பது அவர்கள் பட்டுத் தெரிந்த பாடம்.

எண்ணிப் பார்க்கும் பிள்ளையை எப்படி வளர்ப்பது? மேடைப் பேச்சாலா? இல்லை. பள்ளிதோறும் ஒரு பட்டறை வைத்தார்கள். களிமண், கம்பி, வண்ணம், தாள். பிள்ளைகளோடு பட்டறையில் வேலை செய்யக் கலை கற்ற ஓர் ஆள். அதோடு கண்ணாடி! சுவரிலே பிள்ளையின் உயரத்துக்குக் கண்ணாடி, தரையிலே கண்ணாடி, முக்கோணக் கூடாரம் போலச் சாய்த்துக் கட்டிய கண்ணாடி. பிள்ளை உள்ளே நுழைந்தால் தன் முகத்தை நாலா புறமும் பார்க்கும். பார்த்துவிட்டு வரையும். ஒரு முறை பேனாவால். இன்னொரு முறை களிமண்ணால். மற்றொரு முறை கம்பியை வளைத்து. ஒரே முகம், ஆனால் ஒவ்வொரு முறையும் பிள்ளை புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிறது. பணக்காரப் பள்ளி என்று எண்ண வேண்டாம். மலிவான நகரசபைப் பள்ளிகள். அவற்றில் ஒன்றான “தியானா” என்னும் பாலர் பள்ளியைத்தான் 1991-ம் ஆண்டு அமெரிக்காவின் “நியூஸ்வீக்” ஏடு உலகத்திலேயே சிறந்த பாலர் பள்ளி என்று எழுதியது. டாங்கி விற்ற காசு எங்கே போய் நின்றது பார்த்தீர்களா!

தலையிலிருந்து முளைத்த கால்

அதே வட்டாரத்திலே பொலோனா என்னும் நகரம். 1880-களில் ஒரு மழை நாள். கொர்ராடோ ரிச்சி என்னும் கலை அறிஞர் மழைக்கு ஒதுங்கி ஒரு நீண்ட தாழ்வாரத்துக்குள்ளே நின்றார். சுவரிலே கிறுக்கல்கள். மேலே இருந்தவை பெரியவர்கள் எழுதிய வசைகள். கீழே, சிறு கை எட்டும் உயரத்தில், பிள்ளைகள் வரைந்த மனிதர்கள்! அவற்றிலே மனம் பறிகொடுத்து, குழந்தைகளின் கலையைப் பற்றியே 1887-ம் ஆண்டு ஒரு நூல் வெளியிட்டார். குழந்தை ஓவியத்தைப் பற்றி உலகில் முதல் முதலாக வந்த நூல்களில் அதுவும் ஒன்று.

பிள்ளை எப்படி வரைகிறது என்று பிறகு பலர் ஆராய்ந்திருக்கிறார்கள். இரண்டு வயதுக்குள் கிறுக்கல். மூன்று வயதையொட்டி வட்டம் மூடுகிறது. அதன் பிறகு அந்த வட்டத்துக்குக் கண் முளைக்கிறது. கால் இரண்டும் தலையிலிருந்தே நேராக இறங்குகிறது. உடம்பைக் காணோம்! தவளைக் குஞ்சு போலிருக்கும். எந்த நாட்டுப் பிள்ளையும் ஏறக்குறைய இந்தப் படியில் கால் வைத்துத்தான் மேலே ஏறுகிறது.

இங்கேதான் நாம் தவறுகிறோம். “என்னடா இது, வயிறு எங்கே? கை எங்கே?” என்று சிரிக்கிறோம். பென்சிலைப் பிடுங்கி நாமே திருத்திப் போடுகிறோம். பிள்ளை சும்மா இருக்கும். ஆனால் அடுத்த முறை “எனக்கு வரைய வராது, நீயே போடு” என்று தாளை நம்மிடம் நீட்டும். உழைப்பாளி மகனின் கையிலிருந்து கருவியைப் பிடுங்கியது யார்? முதலாளி அல்ல, நாம்! தலையிலிருந்து கால் முளைத்தால் முளைக்கட்டும். ஆறு மாதத்தில் உடம்பு தானே வரும்.

செய்யும் முறை

இதற்குப் பெரும் பொருள் தேவையில்லை. செலவு செய்ய வேண்டியது அரை மணி நேரம்.

முதலாவது, கண்ணாடி. பிள்ளை உட்கார்ந்தால் முகம் தெரியும் உயரத்திலே வையுங்கள். உடைந்த கண்ணாடி வேண்டாம். ஓரம் கையைக் கிழிக்கும். கண்ணாடி இல்லையென்றால் தேய்த்துக் கழுவிய எவர்சில்வர் தட்டு போதும். கண்ணாடியிலே தெரிவது தான்தான் என்று பிள்ளைக்கு ஒன்றரை வயதுக்கும் இரண்டு வயதுக்கும் இடையிலேயே புரிந்துவிடுகிறது. மூக்கிலே அது அறியாமல் பொட்டு வைத்துக் கண்ணாடி காட்டினால், கண்ணாடியைத் தொடாமல் தன் மூக்கைத் தொடும். ஆகவே மூன்று வயதுப் பிள்ளைக்குக் கண்ணாடி ஒரு தோழன்.

இரண்டாவது, பேச்சு. உடனே வரையச் சொல்லாதீர்கள். முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். புருவம் நேராக இருக்கிறதா, வளைந்திருக்கிறதா? காது எங்கே தொடங்குகிறது? சிரித்தால் கண் என்ன ஆகிறது? முடி சுருளா, நீளமா? கன்னத்து மச்சம் யாரைப் போல? அம்மாயியைப் போலவா, அப்பத்தாவைப் போலவா? நீங்கள் கேளுங்கள், பிள்ளை கண்டுபிடிக்கட்டும்.

மூன்றாவது, கோடு. முதலில் கரித்துண்டோ கறுப்புப் பேனாவோ போதும். நீங்கள் ஒரு மாதிரி வரைந்து காட்டாதீர்கள். காட்டினால் பிள்ளை தன் முகத்தை விட்டுவிட்டு உங்கள் படத்தை வரையும்.

நான்காவது, நிறம். இதுதான் உயிர்நிலை. “ஸ்கின் கலர்” குச்சியை ஒளித்து வைக்க வேண்டாம். தடை போட்டால் ஆசை கூடும். நிறத்தைப் பிள்ளையே கலக்கட்டும். சிவப்பும் மஞ்சளும் சேர்த்தால் செம்மஞ்சள். அதிலே நீலம் ஒரு துளி விட்டால் பழுப்பு. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் குறைத்து, தன் புறங்கை மேலே வைத்துப் பார்த்து, “வந்துடுச்சு, வந்துடுச்சு!” என்று கத்தும் வரை கலக்கட்டும். வண்ணம் வாங்க வழியில்லையா? செம்மண் கரைசல் இருக்கிறது, காப்பி டிக்காஷன் இருக்கிறது, கரி இருக்கிறது, செங்கல் பொடி இருக்கிறது. சுவருக்கு அடிக்கும் எனாமல் பெயிண்டு மட்டும் வேண்டாம். அதிலே ஈயம் கலந்திருக்கலாம், பிள்ளைக்கு ஆகாது. கலந்து முடித்ததும் அந்த நிறத்துக்குப் பெயர் கேளுங்கள். கருப்பட்டி நிறம் என்று ஒன்று சொல்லும். புளியங்கொட்டை நிறம் என்று ஒன்று சொல்லும். கேழ்வரகுக் களி நிறம் என்று ஒன்று சொல்லும். கம்பெனி வைத்த பெயர் போய், பிள்ளை வைத்த பெயர் வந்துவிடும்!

ஐந்தாவது, பரிசும் வரிசையும் வேண்டாம். “யார் படம் அழகு?” என்று கேட்ட மாத்திரத்திலே பழைய விஷம் உள்ளே நுழைந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை மறுபடியும் வரையட்டும். தேதி போட்டுப் பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பிள்ளை வளர்வதைப் பிள்ளையே பார்க்கும்.

கீழே பெயர் எழுதட்டும்

படத்தின் கீழே பெயர் வர வேண்டும். பிள்ளையே எழுதட்டும், எழுதத் தெரியாவிட்டால் அது சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். இது சின்னக் காரியம் என்று நினைக்காதீர்கள்.

செக் நாட்டிலே தெரெசின் என்று ஓர் ஊர். அதை நாஜிகள் யூத மக்களை அடைத்து வைக்கும் சிறைக்கொட்டடி ஆக்கினார்கள். அங்கே வந்தவர்களுக்கு எண் உண்டு. அந்த எண்ணைக் கூப்பிட்டுத்தான் மரண முகாம்களுக்கு ரயிலேற்றினார்கள். ஃபிரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்னும் ஓவியப் பெண்மணி 1942-ம் ஆண்டு டிசம்பரில் அங்கே அடைபட்டார். கொண்டுவர அனுமதித்த சிறு மூட்டையிலே அவர் தாளையும் வண்ணத்தையும் நிறைத்துக்கொண்டு வந்தார். பசியிலும் குளிரிலும் வாடிய குழந்தைகளை உட்கார வைத்து வரையக் கற்பித்தார். வரைந்தவர் ஒவ்வொருவரும் தம் பெயரை எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார். பகைவன் எண் கொடுத்தான். அந்த அம்மையார் பெயரைத் திருப்பிக் கொடுத்தார்!

1944-ம் ஆண்டு அக்டோபரில் அவரையும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பிக் கொன்றார்கள். போகும் முன்னே படங்களை இரண்டு பெட்டிகளிலே வைத்து மறைத்துவிட்டுப் போனார். சுமார் 4,500 படங்கள். இன்று பிராக் நகரத்து யூதக் காட்சிசாலையிலே இருக்கின்றன. வரைந்த பிள்ளைகளிலே பெரும்பாலோரை உயிரோடு விடவில்லை பாவிகள். ஆனால் தாளின் ஓரத்திலே பெயர் நிற்கிறது. எண்ணை அழித்துப் பெயர் நிற்கிறது. பெயர் எழுதுவது சின்னக் காரியமா, சொல்லுங்கள்!

கேட்கக்கூடிய கேள்விகள்

“கஞ்சிக்கே பாடு, படம் எதற்கு?” என்று ஒரு தோழர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வில்லா செல்லாவில் மட்டும் என்ன, வீட்டிலே பாலும் தேனும் ஓடியதா? குண்டு விழுந்த ஊர் அது. கஞ்சியும் வேண்டும், கௌரவமும் வேண்டும் என்றார்கள். இரண்டையும் கேட்பவன்தான் தொழிலாளி. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றொன்றை விட்டுவிட வேண்டும் என்பது முதலாளி கணக்கு.

“எழுத்துப் படிக்கிற வயதிலே படம் வரைந்தால் படிப்பு கெடாதா?” கெடாது. எழுத்து என்பதே கோடும் வளைவும்தானே? புருவத்தை வளைத்துப் போடத் தெரிந்த விரல் அகரத்தை வளைக்கத் திணறாது. உற்றுப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு எதையும் படிக்க வரும்.

“அதுதான் கைப்பேசியிலே செல்ஃபி எடுக்கிறதே, அது போதாதா?” இந்தக் கேள்விதான் இன்றைக்கு முக்கியம். கைப்பேசியின் வேலையைக் கொஞ்சம் கவனியுங்கள். அழகு கூட்டுகிறேன் என்று ஒரு பொத்தான் வைத்திருக்கிறான். பல கைப்பேசிகளில் அதை அழுத்தினால் என்ன ஆகிறது? தோல் வெளுக்கிறது, மூக்குச் சுருங்குகிறது, மச்சம் மறைகிறது. அன்று டப்பாவிலே விற்ற சிவப்பழகை இன்று பொத்தானிலே வைத்து இலவசமாகத் தருகிறான்! செல்ஃபி எடுக்க ஒரு நொடி போதும். அதிலே பிள்ளை தன் முகத்தைப் பார்ப்பதே இல்லை. வரைய அரை மணி ஆகும். அந்த அரை மணியும் பிள்ளை தன் முகத்தோடு உட்கார்ந்து பழகுகிறது. பழகிய முகத்தை யாரும் வெறுக்க மாட்டார்கள்.

என்ன செய்யப் போகிறோம்?

ஒவ்வொரு ஊரிலும் நமக்குப் படிப்பகம் இருக்கிறது, சங்கக் கட்டடம் இருக்கிறது, மன்றம் இருக்கிறது. மாதத்திலே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலே இரண்டு மணி நேரம் அந்தக் கதவைக் குழந்தைகளுக்குத் திறந்துவிடுங்கள். கண்ணாடி நான்கு, தாள் ஒரு கட்டு, கரி, வண்ணம். நோட்டீசு அடித்த தாளின் வெறும் புறமே போதும்; அது நம்மிடம் எப்போதும் குவிந்துதானே கிடக்கிறது? தாய்மார்கள் மட்டும் வந்தால் போதாது. தகப்பன்மார்களும் வர வேண்டும். வந்து, பிள்ளை பக்கத்திலே உட்கார்ந்து, தங்கள் முகத்தையும் வரைய வேண்டும். காய்த்துப் போன கையால் கோணல் மாணலாக அப்பா வரைவதைப் பிள்ளை பார்க்கட்டும். அதைவிடப் பெரிய பாடம் எந்த ஆசிரியரும் நடத்த முடியாது.

அங்கன்வாடிக்கும் போங்கள். அங்கே வேலை பார்க்கும் சகோதரிகளின் தலையிலே ஏற்கெனவே மலை போல வேலை. “நீங்கள் ஏன் செய்யவில்லை?” என்று அதட்டாதீர்கள். கண்ணாடியை நீங்களே வாங்கிப் போய், பிள்ளைகள் உயரத்துக்கு ஆணியடித்து மாட்டிக் கொடுத்துவிட்டு, மற்றதைப் பணிவோடு சொல்லிவிட்டு வாருங்கள்.

வீட்டிலே இன்னொரு வேலை இருக்கிறது. வரைந்த படத்தைப் பரணிலே போடாதீர்கள். நம் வீட்டுச் சுவரிலே தலைவர்கள் படம் இருக்கிறது, நாட்காட்டி இருக்கிறது, நடிகர் படமும் இருக்கிறது. அந்த வரிசையிலே, பிள்ளையின் கண்ணுக்கு நேரே, பிள்ளை தீட்டிய பிள்ளையின் முகத்தை மாட்டுங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள், “இது யார்?” என்று. பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். பிள்ளை சொல்லட்டும்.

“நான்தான்!” என்று சொல்லட்டும்.

அந்த ஒரு சொல்லைத் தலை நிமிர்ந்து சொல்லப் பழகிய பிள்ளையை நாளைக்கு எந்த மேஸ்திரியும் அதட்டிக் குனிய வைக்க முடியாது. எந்தப் பசைக்காரனும் ஏமாற்றிப் பணம் பறிக்க முடியாது. கண்ணாடியை மாட்டுங்கள், தோழர்களே! கரித்துண்டைப் பிள்ளையின் கையிலே கொடுங்கள்!